என் பெட்டிக் கணக்கில் இல்லாத கட்டம்

மாசாய், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லோஷினிக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அயர்லாந்துக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் இதை அம்மா சாமியிடம் சொல்லிவிடுவாள், நான் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை, இப்போது அந்த வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. மாசாயில் ஒரு வாரமாக விடாத மழை, வீட்டு முன்னால் கால்வாய் நிரம்பி கார் நிறுத்துமிடம் வரை தண்ணீர் வந்து போனது, பயப்படாதே, உள்ளே வரவில்லை. சர்க்கரை போன தடவையைவிடக் குறைந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். தன் சமையலைத் தானே சாப்பிட்டால் யாருக்குத்தான் குறையாது, நான் வைக்கும் ரசத்தை நானே இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்வதில்லை. உன் அத்தை சாந்தினி புதன்கிழமைதோறும் தம்போயிலிருந்து பஸ் ஏறி வந்து மீன் பொரித்து வைக்கிறாள், போகும்போது என்னையும் பொரிந்து தள்ளிவிட்டுத்தான் போகிறாள். துணி காயவில்லை, தரை கூட்டவில்லை, முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று ஆயிரம் கேள்வி. கூடப் பிறந்தவள், கேட்கத்தான் செய்வாள்.

போன மாதம் நீ போனில் கேட்டாயே, அம்மா கையால் எழுதிய வரி ஒன்று வேண்டும், ஒரே ஒரு வரி போதும் அப்பா, இங்கே ஒரு கடையில் அதை அப்படியே காப்பில் பொறித்துத் தருகிறார்கள், எப்போதும் கையிலேயே இருக்கும் என்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு நான் என்ன சொன்னேன், இதெல்லாம் ஒரு விஷயமா, ஒரு வாரத்தில் அனுப்புகிறேன் என்று மார்தட்டினேன். அதற்குப் பிறகு நீ கேட்கும்போதெல்லாம் மழை என்றும் நெட் சரியில்லை என்றும் பேச்சை மாற்றினேன். நீயும் புரிந்துகொண்டு கேட்பதை நிறுத்திவிட்டாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மை என்னவென்றால், அம்மா எழுதிய ஒரு வரிகூட என்னிடம் இல்லை. எங்கெங்கே தேடினேன் என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், கோபப்படுவதானால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்று இல்லை, தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள், குண்டு குண்டாக அழகாக எழுதுவாள். எழுத வேண்டிய தேவைதான் இந்த வீட்டில் அவளுக்கு வரவில்லை. உன் ரிப்போர்ட் கார்டில் வருடா வருடம் கையெழுத்துப் போட்டது நான். வாங்க வேண்டிய சாமானைத் துண்டுத்தாளில் எழுதித் தரமாட்டாள், நான் கடைவாசலில் நிற்கும்போது போனில் குரலைப் பதிந்து அனுப்புவாள், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு குரல் வரும், ஏங்க, உப்பு சொல்ல மறந்துட்டேன் என்று. உனக்கும் குரலாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாள். அடையாள அட்டையில் இருப்பது பெருவிரல் ரேகை. வங்கியில் ஒரு கையெழுத்து இருக்கிறது, அது நான் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தது, அதை அவள் எழுத்து என்று உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. மிச்சம் இருந்தது சமையலறைக் காலண்டர் ஒன்றுதான். கேஸ் மாற்றிய நாள், உனக்குப் பரீட்சை நடந்த நாள், சாந்தினிக்குக் கொடுத்த பாத்திரம், எல்லாவற்றையும் தேதிக்குக் கீழே பொடியாக எழுதிவைப்பாள். பதினாறாம் நாள் முடிந்து நீ விமானம் ஏறிய பிறகு அத்தை வீட்டைச் சுத்தம் செய்தபோது, பழைய காலண்டர், பழைய நோட்டு என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், மூட்டைக்குக் கயிறு எடுத்துக் கொடுத்ததே நான்தான். இதை அத்தையிடம் கேட்டுவிடாதே, தெரிந்தால் அவள் சாப்பிடமாட்டாள்.

அப்புறம்தான் பெட்டிகள் ஞாபகம் வந்தன. நீ போன பிறகு எங்களைப் பிடித்த பைத்தியம் இது, போனில் அரைகுறையாகச் சொல்லியிருப்போம். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு பெட்டியைப் பாலத்தடியிலோ மரப்பொந்திலோ ஒளித்துவைத்துவிட்டு, இடத்தை மட்டும் இணையத்தில் குறித்துவிடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் தங்கள் பெயரை எழுதி, பழையபடி ஒளித்துவைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த குணாளன்தான் பழக்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அம்மாவும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து உன் போனுக்காகக் காத்துக்கிடப்போம், அதைவிட இது மேல் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். விளையாட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமே, கனகராஜுக்குக் கே, தனலெட்சுமிக்கு டி, கே.டி. என்று வைத்தேன். நம்ம ரெண்டு பேரும் கேடிங்களாங்க என்று கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்தாள்.

காலமெல்லாம் ஸ்டோரில் சாமான் கணக்கு எழுதியவன் சும்மா இருப்பேனா, முதல் வாரமே எக்செலில் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். பெட்டிக்கு ஒரு நம்பர், இடம், போன தேதி, மழையா வெயிலா, மோட்டார் எவ்வளவு தூரம் ஓடியது, பெட்டி பெரியதா சிறியதா, மூடி இறுக்கமாக இருந்ததா, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். எங்களுக்கு முன்னால் வேறு யாரும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்றால் ஒரு நட்சத்திரம். குணாளன் பார்த்துவிட்டு, அண்ணே, இத வச்சி ஒரு கம்பெனியே நடத்தலாம் போல என்றான், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா மட்டும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாருக்குக்கூட ஒரு எடம் வச்சிருக்கீங்க, எனக்கு எங்கங்க என்றாள். கிண்டலுக்குத்தான் கேட்டாள், நானும் சிரித்தேன்.

நீ வரி கேட்ட அன்று அந்தக் கணக்கைத் திறந்தேன். அம்மா எந்தெந்தத் தாளில் எழுதினாள் என்று பார்த்துவிட்டு நேராக அங்கே போய்ப் படம் எடுத்துவந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். லோஷினி, யார் எழுதியது என்பதற்கு அதில் கட்டமே இல்லை. எந்த வரியைப் பார்த்தாலும் கே.டி., கே.டி., இரண்டு பேரும் ஒரே ஆள் போல. இன்னொரு கோளாறும் இருக்கிறது. ஸ்டோரில் ஒரு சாமான் தீர்ந்து இனி அந்த ரகம் வராது என்று ஆகிவிட்டால் அதன் வரியையே எடுத்துவிடுவோம், இல்லாத சாமானுக்கு எதற்கு இடம். அந்தப் புத்தியை இங்கேயும் கொண்டுவந்துவிட்டேன். ஒரு பெட்டி உடைந்துபோனாலோ, வைத்தவரே எடுத்துவிட்டாலோ, அன்றைக்கே அந்த வரியை அழித்துவிடுவேன், கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் பார். நாங்கள் போன இடங்களில் பாதி இன்று கணக்கில் இல்லை. எங்கே போனோம், என்றைக்குப் போனோம், ஒன்றும் தெரியாது, போகாத மாதிரியே இருக்கிறது. படமாவது இருக்கிறதா என்றால், எடுத்ததெல்லாம் பெட்டியைத்தான், திரும்ப வைத்தது சரியாக மறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அதையும் போனில் இடம் அடைக்கிறதென்று அவ்வப்போது அழித்துவிட்டேன். எக்செலைத் திறந்துவைத்துக்கொண்டு வாய்விட்டு அழுத மனிதன் இந்த மாசாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

சரி, கணக்கில் மிச்சம் இருக்கும் பெட்டிகளையாவது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுவோம் என்று மோட்டாரை எடுத்தேன். வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவை விரல் அளவுப் பெட்டிகள், உள்ளே தாளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் என் கையெழுத்து, அவசரத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கிய கே.டி. சின்னத் தாள், இடம் போதாது, அதனால் நான் எழுதியிருப்பேன், பெரிய பெட்டி என்றால் அம்மாவைத்தான் எழுதவிட்டிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பெரிய பெட்டி ஒன்று தம்போயில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வேலியோரமாக இருக்கிறது, என் கணக்கில் நட்சத்திரம் போட்டது. அதை வைத்தவர் டாரில், அங்கேயே கார் பட்டறை நடத்துகிறார், ஞாயிறு கோயில் முடிந்துதான் கடை திறப்பார். திறந்து பார்த்தால் புத்தம் புதுத் தாள். பட்டறைக்கே போய்க் கேட்டேன். அங்கிள், பெட்டிக்குள்ள தண்ணி போயி பேப்பர் எல்லாம் ஊறிப் போச்சி லா, போன வருஷமே பூவாங் பண்ணிட்டு புதுசு வச்சிட்டேன் என்றார். நனைந்த தாளை வேறு என்ன செய்ய முடியும், தூக்கித்தான் போடுவார்கள். ஏன் அங்கிள், ஏதாச்சும் முக்கியமா என்று கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது. ஒன்றுமில்லை தம்பி, நல்ல பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது, நல்லதாகப் போயிற்று, சிக்னலில் நின்றபோது யாருக்கும் என் முகம் தெரியவில்லை.

கடைசியாக நான் நம்பியிருந்தது பாலோ பெட்டி. குணாளனின் தங்கை மகள் கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் பாலோ போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வருவதற்குள் என் போன் சத்தம் போட்டது, பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், இன்னும் யாரும் திறக்கவில்லை என்று. அம்மாவை இலையிலிருந்து எழுப்பிக்கொண்டு ஓடினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். கல்யாண வீட்டுல வந்து காட்டுல அலையிற ஆளு நீங்க ஒருத்தருதாங்க என்றாள். ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பெட்டியை முதலில் பார்த்ததும் அவள்தான். பெட்டி பெரியது, உள்ளே முழுத் தாள், ஒரு எழுத்துகூட விழாத வெள்ளைத் தாள். அம்மா பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தது என் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. அதனால் இங்கே அவள் எழுத்து நிச்சயம் என்று உறுதியாக இருந்தேன். போன சனிக்கிழமை குணாளன் காரில் இரண்டு பேரும் போனோம். பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்டிருக்கிறார்கள், தொட்டி மட்டும் இருக்கிறது, பெட்டியும் இருந்தது. மூடியை நானே திறந்தேன். தாள் கொஞ்சம் பழுத்திருந்தது, நனையவில்லை. முதல் வரியில் அன்றைய தேதி, பக்கத்தில் கே.டி. இரண்டும் என் கையெழுத்து.

திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கீழே யார் யாரோ வந்து எழுதியிருக்கிறார்கள், சீனப் பெயர், மலாய்ப் பெயர், எந்த நாட்டு ஆள் என்று தெரியாத பெயர், அத்தனை பேர் எழுத்தும் இருக்கிறது, அவள் எழுத்து இல்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாத்துலயும் நான்தான்டா எழுதியிருக்கேன், குணா, அவ ஒண்ணுலகூட எழுதலடா என்றேன். அவன் தாளை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அண்ணே, மேல இது யாரு போட்டது, பிள்ளையார் சுழி மாதிரி இருக்கு, நீங்கதான் இதெல்லாம் போடமாட்டீங்களே என்றான். தாளின் உச்சியில், என் தேதிக்கு மேலே, நடுவில் சின்னதாக ஓர் உ, அதற்குக் கீழே இரண்டு கோடு. வால் நீளமாக இழுத்திருந்தது, அம்மா அப்படித்தான் இழுப்பாள். பேனாவோடு குனிந்து நின்றவள் செய்தது அதுதான். வெள்ளைத் தாளைப் பார்த்தால் அவளால் சும்மா விட முடியாது, மொத மொதல்ல வெறுந்தாள்ல எழுதக் கூடாதுங்க, சுழி போட்டுத் தரேன், அப்புறம் எழுதுங்க என்பாள். தாளை வீணாக்காதே, சீக்கிரம் கொடு என்று நான் பறப்பேன். அவள் சுழியைப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுப்பாள், நான் இரண்டு பேர் பெயரையும் எழுதுவேன். இப்படித்தான் நடந்திருக்கிறது லோஷினி, ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து நட்சத்திரம் போட்ட வரிகளைத் தேடினேன், வெள்ளைத் தாள் கிடைத்திருந்தால்தானே சுழி போட்டிருப்பாள். கணக்கில் இருந்தது தம்போயும் பாலோவும் மட்டும்தான். தம்போய்த் தாள் குப்பையில் போய்விட்டது. வேறு நட்சத்திரங்கள் நிறைய இருந்தன, அது எனக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பெட்டிகள் போனபோது வரியோடு சேர்த்து நானே அழித்துவிட்டேன். இனி வரிகளை அழிப்பதில்லை என்று முடிவு செய்து, யார் எழுதியது என்று ஒரு புதுக் கட்டமும் போட்டேன். போட்டு என்ன, இனிமேல் எல்லா வரியிலும் நான்தானே வரப்போகிறேன். மூடி வைத்துவிட்டேன்.

பாலோவில் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொள்ளச் சொன்னான் குணாளன். தாள் பெட்டிக்குச் சொந்தம், எடுக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி, ஆனால் விதிக்காக நான் விடவில்லை. அவள் சுழி போட்ட பிறகுதான் அத்தனை பேரும் கீழே வந்து எழுதியிருக்கிறார்கள், இன்னும் பாதித் தாள் காலியாக இருக்கிறது, அதைப் பிடுங்கிக்கொண்டு வர எனக்குக் கை வரவில்லை. குணாளன்தான் படம் எடுத்தான், நான் எடுத்ததெல்லாம் ஆடிப்போயிருந்தன. அதைக் கடையில் பெரிதாகக் கழுவி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ கேட்டது ஒரு வரி, இது ஒரே எழுத்து, அதுவும் நம் ஆட்கள் எல்லாரும் போடும் எழுத்து. உன் கடைக்காரருக்கு இது என்ன என்றே விளங்காது. பொறித்துத் தருவாரா என்று கேட்டுப் பார், இல்லை, இது காப்புக்கு ஆகாது என்று உனக்குத் தோன்றினாலும் எனக்கு வருத்தமில்லை. அப்பாவால் இவ்வளவுதான் கண்டுபிடிக்க முடிந்தது. என்னை மன்னித்துவிடு என்று எழுதலாமா என்று யோசித்தேன், அப்படி எழுதினால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய், அதனால் எழுதவில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், நான்கு நிமிடப் பேச்சு. நாளைக்கு என் எழுத்தைத் தேடிக்கொண்டு நீ எந்தச் செம்பனைக் காட்டுக்கும் அலையக் கூடாது என்றுதான் உட்கார்ந்து கையால் எழுதினேன். கோழி கிளறியது மாதிரிதான் இருக்கிறது, பரவாயில்லை, வைத்துக்கொள். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும், அம்மா இருந்திருந்தால் எதையெல்லாம் கேட்டு வாழ்த்தியிருப்பாளோ அதெல்லாம் உனக்குக் கிடைக்க வேண்டும். வேலை முடிந்து இருட்டில் நடந்து போகாதே, பஸ்ஸில் போ. காலையில் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணாதே, குரலும் அனுப்பாதே, இரண்டே வரி போதும், ஒரு தாளில் கையால் எழுதி அனுப்பு. அம்மாவுடையதைத் தேடும்போதே பார்த்துவிட்டேன், உன் எழுத்தும் இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
மு. கனகராஜ்